தலைக்கு 275 டாலர்: சியாட்டில் வரியைப் பற்றி நான் மாற்றிக்கொண்ட கருத்து

2018ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாட்டில் நகர மன்றத்தின் ஒன்பது உறுப்பினர்களும் ஒருமனதாக ஒரு வரியை நிறைவேற்றினார்கள். நகருக்குள் ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் வருவாய் ஈட்டும் நிறுவனங்கள், முழுநேர ஊழியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 275 டாலர் வீதம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் வீடற்றோருக்கான சேவைகளுக்கும் குறைந்த வாடகை வீடுகளைக் கட்டுவதற்கும் செல்லும் என்பது ஏற்பாடு. சரியாக 29 நாள் கழித்து, ஜூன் 12ஆம் தேதி, அதே மன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்து அதை ரத்து செய்தது. ஒரு டாலர்கூட வசூலாகவில்லை. அந்த நாட்களில் நான் அந்த நகரில் குடியிருந்தேன். அந்த வரியைச் செலுத்தியிருக்க வேண்டிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். தொடக்கத்தில் வரியை எதிர்த்தேன். இன்று அப்படிப்பட்ட வரி தேவை என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் 2018இல் அது போடப்பட்ட விதம் தவறு என்பதில் அன்று போலவே இன்றும் எனக்கு ஐயமில்லை.

என் அலுவலகம் சவுத் லேக் யூனியன் பகுதியில் இருந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கிடங்குகள் மறைந்து கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்த பகுதி அது. அங்கிருந்து சற்றே நடந்தால் ஐ-5 நெடுஞ்சாலை. அதன் பாலங்களுக்கு அடியிலும் சரிவுகளிலும் கூடாரங்கள். மழைக்காலத்துக் காலை வேளைகளில், நனைந்த படுக்கையை வேலிக் கம்பியில் விரித்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும் ஒரு முதியவரைப் பல வாரங்கள் கடந்து போயிருக்கிறேன். நகர நிர்வாகம் 2015 நவம்பரிலேயே வீடற்றோர் பிரச்சினையை அவசரநிலையாக அறிவித்திருந்தது. 2018 ஜனவரியில், சியாட்டில் அடங்கிய மாவட்டமான கிங் கவுண்டி முழுவதும் ஒரே இரவில் எடுக்கப்பட்ட கணக்கு 12,112 பேரைக் காட்டியது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அன்றிரவு கூரையே இல்லை. காரிலும் கூடாரத்திலும் நடைபாதையிலும் படுத்திருந்தார்கள். என்னைப் போல நல்ல சம்பளத்துக்கு வந்து சேர்ந்த பல்லாயிரம் பேரால் வாடகை ஏறியது. அந்த ஏற்றத்தைத் தாங்க முடியாதவர்கள் முதலில் நகரின் ஓரத்துக்கும், பிறகு தெருவுக்கும் தள்ளப்பட்டார்கள். போதைப்பழக்கமும் மனநோயும் பலரது கதையில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை வாடகை மலிவான ஊர்களிலும் இருக்கின்றன. அங்கே இவ்வளவு கூடாரங்கள் இல்லை.

நிறுவனங்களின் மீது ஏன் வரி போட வேண்டும் என்ற கேள்விக்கு வாஷிங்டன் மாநிலத்தின் வரி அமைப்பில்தான் விடை இருக்கிறது. அங்கே 2018இல் சம்பளத்தின் மீது மாநில வருமான வரி இருக்கவில்லை. வருமானத்துக்கு ஏற்ப ஏறும் வரியை மாநில உச்ச நீதிமன்றம் 1933லேயே செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. எனவே நகரங்கள் சொத்து வரியையும் விற்பனை வரியையும் பெரிதும் நம்பிப் பிழைக்கின்றன. 2018இல் சியாட்டிலில் விற்பனை வரி 10.1 விழுக்காடு. கூடாரத்தில் இருப்பவர் ஒரு போர்வை வாங்கினாலும் அதே வரி, நான் வாங்கினாலும் அதே வரி. வரி மற்றும் பொருளாதாரக் கொள்கைக்கான ஆய்வு நிறுவனம் ஒன்று அந்த ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, அம்மாநிலத்தில் மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கினர் தங்கள் வருமானத்தில் 17.8 விழுக்காட்டை மாநில, உள்ளூர் வரிகளாகச் செலுத்தினார்கள்; உச்சியில் உள்ள ஒரு விழுக்காட்டினர் செலுத்தியது 3 விழுக்காடு. இந்த நிலையில், நகரின் வளர்ச்சியால் மிகுந்த பயன் பெற்றவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

முதலில் முன்வைக்கப்பட்ட தொகை தலைக்கு 500 டாலர், ஆண்டுக்கு 7.5 கோடி டாலர் கிடைக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் அமேசான், நகர மையத்தில் கட்டவிருந்த 17 மாடிக் கட்டடத்தின் திட்டப் பணியை நிறுத்திவைப்பதாகவும், மற்றொரு கட்டடத்தில் எடுத்திருந்த இடத்தை வாடகைக்கு விடுவது பற்றி யோசிப்பதாகவும் அறிவித்தது. இரண்டும் சேர்ந்து 7,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கான இடம். அடுத்த நாள், அமேசானின் கண்ணாடிக் கோளங்களுக்கு முன்னே வரிக்கு ஆதரவாகப் பேச வந்த மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்தை, கட்டுமானத்தில் இரும்பு வேலை செய்யும் தொழிலாளர்கள் கோஷமிட்டுப் பேசவிடாமல் செய்தார்கள். புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் அவரைப் பற்றிய பேச்சு அதிகம். அன்று மாலை அந்தக் காணொளியைப் பார்த்தவர்களில் ஒரு பாதியினர் அவருக்காக வருந்தினார்கள், மறுபாதியினர் தொழிலாளர்கள் பக்கம் நின்றார்கள். மேயர் ஜென்னி டர்க்கனின் வற்புறுத்தலால் தொகை 275ஆகக் குறைந்தது, எதிர்பார்த்த வருவாயும் ஏறக்குறைய 4.7 கோடி டாலராகச் சுருங்கியது. அப்படியும் எதிர்ப்பு அடங்கவில்லை. வரியை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுசெல்ல அமேசான், ஸ்டார்பக்ஸ், நிலம் கட்டட முதலீட்டு நிறுவனமான வல்கன் ஆகியவை தலா 25,000 டாலர் தர உறுதியளித்தன. கையெழுத்து வாங்குவோர் கடை வாசல்களில் நின்றார்கள். தோற்றுவிடுவோம் என்று அஞ்சிய மன்றம் தானே பின்வாங்கியது. சாவந்தும் தெரசா மொஸ்கெடாவும் மட்டும் ரத்தை எதிர்த்தார்கள்.

அமேசானால் செலுத்த முடியாத தொகையா அது? சியாட்டிலில் அப்போது அதன் ஊழியர்கள் ஏறக்குறைய 45,000 பேர். தலைக்கு 275 டாலர் என்றால் 1.24 கோடி டாலர். 2017இல் அதன் நிகர லாபமோ 300 கோடி டாலர். சுமை என்ற வாதம் அமேசானுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆனால் கோயம்புத்தூர்க்காரரான மூத்த சக ஊழியர் ஒருவர், நான் அண்ணன் என்று அழைப்பவர், மதிய உணவின்போது எழுப்பிய கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. “தம்பி, இரண்டு லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் உனக்கும் 275, காய்கறி அடுக்கும் பையனுக்கும் 275 என்றால், இது எந்த ஊர் நியாயம்?” என்று அவர் கேட்டார். மளிகைக் கடைகள் நூறு டாலருக்கு விற்றால் ஓரிரு டாலர்தான் லாபம் பார்க்கும். ஆனால் அவற்றுக்கு ஆட்கள் ஏராளமாக வேண்டும். வருவாய் 2 கோடியைத் தாண்டியதாலேயே ஒரு கடை பணக்காரக் கடை ஆகிவிடாது. எதிர்ப்பாளர்கள் இதைத் தலைவரி என்றே அழைத்தார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பழைய கசப்பை நினைத்தால், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

அதே ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோ வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. வீடற்றோர் நலக் கூட்டமைப்பு ஒன்று மக்களிடம் கையெழுத்து வாங்கி, முன்மொழிவு சி என்ற பெயரில் அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது. அங்கே தலைகளை எண்ணவில்லை. 5 கோடி டாலருக்கு மேலான மொத்த வருவாயின் மீது, தொழிலுக்குத் தொழில் மாறும் சிறு விகிதத்தில் வரி. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் மார்க் பெனியாஃப் ஆதரித்தார், மேயர் லண்டன் பிரீட் எதிர்த்தார். ஸ்கொயர் நிறுவனத்தின் ஜாக் டார்சியும் எதிர்த்தார்; தம்மைப் போன்ற பணப் பரிமாற்ற நிறுவனங்கள் தம்மைவிடப் பெரிய நிறுவனங்களைக் காட்டிலும் கூடுதலாகச் செலுத்த நேரிடும் என்பது அவர் வாதம். பணக்காரரின் முணுமுணுப்பு என்று பலர் அதைத் தள்ளினார்கள். எனக்கு அது அண்ணன் கேட்ட அதே கேள்வியாகவே பட்டது. ஆனாலும் அந்த முன்மொழிவில் நான் மெச்சும் ஒன்று உண்டு: செலவைச் சட்டத்திலேயே பூட்டினார்கள். குறைந்தது பாதி நிரந்தர வீடுகளுக்கு, கால் பங்கு மனநல சிகிச்சைக்கு, மீதி வீடிழப்பைத் தடுக்கவும் தங்குமிடங்களுக்கும். ஏறக்குறைய 61 விழுக்காடு மக்கள் ஆதரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று வழக்கு நடந்ததால் 2020 வரை பணத்தைத் தொட முடியவில்லை. பின்னர் நடந்ததைக் கணக்கு சொல்கிறது: 2019இல் 8,035ஆக இருந்த வீடற்றோர் எண்ணிக்கை 2024இல் 8,323 ஆனது, ஆனால் தங்குமிடம் இல்லாமல் வெளியே படுத்தவர்கள் 5,180இலிருந்து 4,354ஆகக் குறைந்தார்கள். ‘இவ்வளவு பணமும் வீண்’ என்பவர்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள். இரண்டாவது எண்ணில் இருக்கும் எண்ணூறு சொச்சம் பேரின் இரவுகளை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

சியாட்டில் தன் தவறிலிருந்து பாடம் கற்றது. 2020 ஜூலையில் மொஸ்கெடா முன்னின்று நிறைவேற்றிய ஜம்ப்ஸ்டார்ட் வரி, ஆண்டுச் சம்பளப் பட்டுவாடா 70 லட்சம் டாலருக்கு மேல் உள்ள நிறுவனங்களிடம், 1.5 லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் ஊழியர்களின் சம்பளத்தின் மீது மட்டும் விதிக்கப்பட்டது, விகிதம் 0.7இலிருந்து 2.4 விழுக்காடு வரை. மளிகைக் கடைகளுக்கு விலக்கு. காய்கறி அடுக்கும் பையன் கணக்கிலேயே வரவில்லை, நான் வந்தேன். 21.4 கோடி டாலர் எதிர்பார்த்தார்கள். முதல் ஆண்டிலேயே அதைத் தாண்டியது. 2018இல் நிறைவேறிய வரியிலிருந்து எதிர்பார்த்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேலான தொகை, அந்த அளவு கூச்சல் இல்லாமல் கிடைத்தது. அதை எதிர்த்து வர்த்தக சபை போட்ட வழக்கும் நிற்கவில்லை.

ஆனால் பூட்டு சரியாக இல்லை. வருவாயில் பெரும்பங்கு குறைந்த வாடகை வீடுகளுக்கு என்று திட்டம் வகுத்திருந்தும், பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பகுதி நகரின் பொதுச் செலவுக்குப் போனது. 2024 இறுதியில் மன்றம் கட்டுப்பாடுகளையே தளர்த்தி, 2025க்கான பட்ஜெட்டின் பற்றாக்குறையை ஈடுகட்டப் பெருந்தொகையைத் திருப்பிவிட்டது. மக்கள் வாக்கால் பூட்டப்பட்டிருந்தால் இவ்வளவு எளிதாக நடந்திருக்காது. வரியை எதிர்த்தவர்கள் 2018இல் நகர நிர்வாகத்தின் மீது வைத்த அவநம்பிக்கைக்கு, வரியை ஆதரித்த நாங்களே பிற்பாடு சான்று சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்பது என் மனத்தை உறுத்துகிறது.

இன்னொரு குறை, சியாட்டிலுக்குக் கிழக்கே உள்ள வாஷிங்டன் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. பெல்வியூ வேறு நகரம், அங்கே இந்த வரி இல்லை. ஜம்ப்ஸ்டார்ட் நிறைவேறிய அதே 2020இல், 2025க்குள் அங்கே 25,000 பேரை வேலைக்கு வைக்கப் போவதாக அமேசான் அறிவித்தது. வரிதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பாலம் கடந்தால் வரி இல்லை என்ற நிலை இருக்கும்வரை இந்த மிரட்டலும் இருக்கும். 2020 தொடக்கத்தில் மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவில், கிங் கவுண்டி முழுவதற்கும் பொதுவாக உயர் சம்பளங்களின் மீது வரி விதிக்க அனுமதிக்கும் மசோதா ஒன்று வந்தது. சியாட்டில் தனியாக வரி போடும் உரிமையை அதற்கு ஈடாகப் பறிக்கலாமா என்ற தகராறில் அது மார்ச் மாதத்தில் மாண்டது. அண்ணன் இப்போது பெல்வியூவில் வேலை பார்க்கிறார். அந்த மசோதா திரும்ப வந்தால் அதற்கு ஆதரவாகத் தம் பகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதாகச் சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னார். செலவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற ஒரு வாசகத்தையும் அந்தக் கடிதத்தில் சேர்க்கச் சொன்னேன், சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.