உள்நாட்டுப் போரில் நின்ற ஜெர்மானியரின் வாழ்க்கையைத் தேடி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்காக ஏறத்தாழ 2 லட்சம் ஜெர்மானியர்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அப்படிப்பட்ட முன்னோர் ஒருவரின் நினைவுக் குறிப்பு எழுத வேண்டுமா? ராணுவப் பணிப் பதிவேட்டில் நேரத்தைக் கரைக்காதீர்கள். அதில் சேர்ந்த தேதி, ரெஜிமென்ட் (அவர் இருந்த படைப்பிரிவு), வருகைப் பதிவு, அவ்வளவுதான்.

மனிதர் தெரிவது ஓய்வூதியக் கோப்பில். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பையும் கேளுங்கள். சுருக்கத் தொகுப்பு போதாது. 1898-ல் ஓய்வூதிய அலுவலகம் அனுப்பிய கேள்வித்தாள் உள்ளே இருந்தால் அதிர்ஷ்டம்தான். மனைவியின் திருமணத்துக்கு முந்தைய பெயர், கல்யாணம் நடந்த இடம், பிள்ளைகளின் பிறந்த தேதிகள் எல்லாம் அந்த வீரரே சொன்னபடி இருக்கும். விதவை மனு இன்னும் பேசும். திருமணச் சான்று கிடைக்காதவர்கள் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியதுண்டு.

தேடல் சறுக்குவது பெயரில். முல்லர் மில்லராகவும் ஷ்மிட் ஸ்மித்தாகவும் ஆகியிருப்பார்கள். எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள், ரெஜிமென்டை வைத்துச் சரிபாருங்கள்.

குடியுரிமை மனுவில் முதல்கட்ட விருப்ப அறிவிப்பு (குடிமகனாக விரும்புவதாக முன்கூட்டியே தரும் அறிவிப்பு) காணோமா? பதற வேண்டாம். 1862 சட்டப்படி, நல்லபடியாக விடுவிக்கப்பட்ட வீரருக்கு அது தேவையில்லை. ஓராண்டு வசித்திருந்தால் போதும்.

கப்பல் ஏறியது ஹாம்பர்க் என்றால் 1850 முதலான பயணிகள் பட்டியல் இருக்கிறது, பெரும்பாலும் சொந்த ஊர்ப் பெயரோடு. பிரேமன் என்றால் சிக்கல்: அங்கே பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. நியூயார்க்கில் வந்திறங்கியவர்களின் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும்.