சர்தை: காவல் வைக்காத பக்கம்

வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் யோவான் வழியாகக் கடிதம் பெற்ற ஏழு சபைகளின் ஊர்களைத் துருக்கியில் பார்க்கப் போகிற குழுக்கள் சர்தையில் அதிக நேரம் நிற்பதில்லை. தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் அவசரம். இஸ்மீரிலிருந்து அங்காரா சாலையில் கிழக்கே சுமார் 90 கி.மீ. வந்தால் சார்ட் கிராமம். சாலையோரத்திலேயே இரண்டடுக்குப் பளிங்கு முகப்பு ஒன்று நிமிர்ந்து நிற்கும். அதன் முன்னால் படம் எடுத்து, பக்கத்து யூத ஜெப ஆலயத்தின் மொசைக் தரையைப் பார்த்ததும் எல்லோரும் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆனால் அந்த முகப்பு கி.பி. 211-ஐ ஒட்டிக் கட்டி அர்ப்பணிக்கப்பட்டது. ஜெப ஆலயம் இன்று காணும் வடிவில் அதற்கும் பிந்தியது. முதல் நூற்றாண்டில் யோவானின் கடிதத்தை வாசிக்கக் கேட்ட சர்தை விசுவாசிகள் இவ்விரண்டையும் பார்த்ததே இல்லை. அவர்கள் விடிந்து எழுந்தால் கண்ணில் பட்டது தெற்கே இருக்கும் மலை. அதை முதலில் பாருங்கள்.

சமவெளியிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் எழும் இந்த மலைமேல்தான் சர்தையின் கோட்டை இருந்தது. மலை முழுக்கக் கூழாங்கல்லும் மண்ணும் கலந்து இறுகியது. மழையில் அரிந்து அரிந்து பக்கங்கள் சுவர்போல் ஆகிவிட்டன. கீழேயிருந்து பார்த்தால் யாராலும் ஏற முடியாது என்றே தோன்றும். கோட்டையில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

கி.மு. 6-ம் நூற்றாண்டின் நடுவில் பாரசீக அரசன் கோரேஸ் இந்த நகரை முற்றுகையிட்டான். உள்ளே இருந்தவன் செல்வத்துக்குப் பேர்போன லிதியா நாட்டு அரசன் குரோசஸ். காவல் வீரன் ஒருவனின் தலைக்கவசம் கைநழுவி உருண்டு விழுந்தது. அவன் அந்தச் செங்குத்துப் பக்கமாகவே இறங்கி அதை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினான். எதிரிப் படையில் ஒருவன் அதைக் கவனித்துவிட்டான். பதினான்கு நாள் முற்றுகைக்குப் பிறகு அதே வழியில் ஏறினார்கள். அங்கே காவலே இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கும் செய்தி இது. முந்நூறு ஆண்டுகளுக்குமேல் கழித்து செலூக்கிய அரசன் மூன்றாம் அந்தியோகஸ் முற்றுகையிட்டபோதும் இதே கதை. மதிலின் ஒரு பகுதியில் கழுகுகள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. அப்படியானால் அங்கே ஆள் இல்லை என்று லகோரஸ் என்ற கிரேத்தா தீவு வீரன் கணித்தான். ஏணி வைத்து ஏறினார்கள், நகரம் விழுந்தது. ஒரே ஊர், ஒரே தவறு, இரண்டு முறை. பலவீனமான மதில்களில் இரவும் பகலும் ஆட்கள் விழித்திருந்தார்கள். ஊர் விழுந்தது பலமான பக்கத்தில்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வெளிப்படுத்தல் 3:1-6-ஐ அந்த மலையைப் பார்த்தபடி சத்தமாக வாசியுங்கள். பஸ்ஸில் வாசித்து முடித்துவிட வேண்டாம். “நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்” என்றதும் அடுத்து வரும் சொல் “விழித்துக்கொண்டு”. கோட்டை விழுந்த கதையைக் கடிதம் சொல்லவில்லை. அந்த ஊராருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். சிமிர்னாவுக்குச் சிறைவாசம் காத்திருந்தது, பெர்கமுவில் பிலேயாமின் போதகம் புகுந்திருந்தது, தியத்தீராவில் தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்ட யேசபேல் இருந்தாள். சர்தையின் கடிதத்தில் எதிரி என்று ஒருவருமே இல்லை. உபத்திரவம் இல்லை, கள்ளப்போதகன் இல்லை. ஆராதனை நடந்தது, பெயரும் இருந்தது. நம்முடைய பல சபைகளின் நிலைமைக்கு இதைவிட நெருக்கமான கடிதம் வேதத்தில் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அங்கிருந்து பக்தோலஸ் ஓடையை ஒட்டி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தெற்கே நடந்தால் கிரேக்கத் தேவதை ஆர்த்தெமிஸின் கோவில். அலெக்சாந்தருக்குப் பிந்தைய கிரேக்க அரசர்கள் காலத்தில் தொடங்கி, ரோமர் காலத்திலும் வேலை நடந்த இடம். இரண்டு தூண்கள் மட்டும் சுமார் 18 மீட்டர் முழு உயரத்தில் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்துவிட்டு நகராதீர்கள். குனிந்து அடிப்பீடங்களைப் பாருங்கள். சில பீடங்களில் இலை வேலைப்பாடு நுணுக்கமாக இருக்கிறது. சிலவற்றில் கல்தச்சன் சொரசொரப்பாக விட்டுப்போன பரப்பு அப்படியே இருக்கிறது. தூண்களில் நெடுக்கே வரவேண்டிய வரிப்பள்ளங்கள் வெட்டப்படவே இல்லை. நூற்றாண்டுகள் வேலை செய்தும் கோவில் முடியவில்லை. “உன் கிரியைகள் தேவனுக்குமுன் நிறைவுள்ளவைகளாக நான் காணவில்லை” என்ற வரியை இங்கே நின்று வாசித்தால் கல்லும் வசனமும் ஒன்றாகப் பேசும்.

குழுவோடு போகிறவர்கள் இங்கே இருபது நிமிடம் மௌனமாக உட்காருங்கள். நோட்டில் பாவங்களின் பட்டியல் எழுத வேண்டாம். தெரிந்த பலவீனத்தில் ஏற்கெனவே காவல் இருக்கிறது. கோபக்காரன் தன் கோபத்தை அறிவான். “இதில் நான் விழவே மாட்டேன்” என்று எதை நினைக்கிறீர்களோ அதை மட்டும் ஒரே வரியில் எழுதுங்கள். பிரசங்கம் செய்கிறவருக்கு அது வேத வாசிப்பாக இருக்கலாம். பிரசங்கத்துக்காக வாசிப்பார், தனக்காக வாசித்து மாதங்கள் ஆகியிருக்கும். பாடகர் குழுவில் இருப்பவருக்கு ஆராதனையாக இருக்கலாம். சபைக் கணக்கு எழுதுகிறவருக்கு நேர்மையாக இருக்கலாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பலரும் தவறுகிறார்கள். உணர்ச்சிவசப்பட்டு, தினமும் ஒரு மணி நேர ஜெபம் என்று தீர்மானிப்பார்கள். இரண்டாவது வாரத்தில் அது நின்றுவிடும். காலையில் போனைத் தொடுவதற்கு முன் பதினைந்து நிமிடம் போதும்: ஒரு சங்கீதம், எழுதி வைத்த அந்த ஒரு வரி, ஜெபம். இன்னும் சிலர் புதிதாக ஒரு கமிட்டியில், ஒரு ஊழியத்தில் சேர்வார்கள். சர்தையில் கிரியைகளுக்குக் குறைவில்லை, ஆகவே இது மருந்தாகாது. “நீ கேட்டுப் பெற்றுக்கொண்ட வகையை நினைவுகூர்ந்து” என்கிறார் கர்த்தர். ஆகவே, முதன்முதலில் உங்களைத் தொட்ட வசனத்தையும், அதைச் சொன்னவரையும், அந்த நாட்களில் நீங்கள் ஜெபித்த விதத்தையும் எழுதி வையுங்கள். நோயாளியின் பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே இறங்கியிருக்கிறது என்று தெரியும்.

காவல் மாற்றிக்கொள்ள நம் சபைகளில் ஏற்கெனவே ஒரு நேரம் இருக்கிறது: திருவிருந்துக்கு முந்தைய மாலை. “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து” என்பது அதற்குத்தானே! அன்று அந்த ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். உங்களுக்குப் பயப்படாத ஒருவரிடம், முகத்துக்கு நேரே கேள்வி கேட்கக்கூடிய ஒரு அக்காவிடமோ அண்ணனிடமோ, அதை வாசித்துக் காட்டுங்கள். தன் மலையின் செங்குத்துப் பக்கம் தனக்குத் தெரியாது. வெளியே நின்று பார்க்கிறவருக்குத்தான் தலைக்கவசம் உருள்வது தெரியும்.

சர்தையை விட்டுப் புறப்படுமுன், ஆர்த்தெமிஸ் கோவிலின் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள். பெருந்தூண்களின் காலடியில் 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சின்னஞ்சிறு கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது. பத்து, இருபது பேர் நின்றாலே நெருக்கமாகத் தோன்றும் அளவுதான். “தங்கள் வஸ்திரங்களை அசுசிப்படுத்தாத சிலபேர் சர்தையிலும் உனக்குண்டு” என்ற வசனத்தை அங்கே வாசியுங்கள். பிறகு, உங்கள் சபையில் சத்தமில்லாமல் விழித்திருக்கிற அந்தச் சிலரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவர்களுக்காக ஸ்தோத்திரம் செய்யுங்கள்.