கண்மாய்க்குள் நின்று கண்மாயைத் தேடிய கதை

சிவகங்கைப் பக்கம் ஒரு கல்குவாரிக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்தபோது என் பங்குக்கு வந்தது தரவு வேலை. குவாரியைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் காற்று, தண்ணீர், மண், நிலப்பயன்பாடு என்று ஒரு பருவம் முழுக்க அளந்து வருவதை ஒன்று சேர்க்க வேண்டும். அளக்கிறவர்கள் வெயிலில், நான் கணினி முன்னால்.

முதல் வாரமே காற்று மாதிரி எடுத்த ஓர் இடம் வரைபடத்தில் தெற்கே 37 கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. களத்தில் அட்சரேகையை 9 டிகிரி 50 நிமிடம் 30 விநாடி என்று எழுதியதை யாரோ 9.5030 என்று தட்டியிருந்தார்கள். தசம டிகிரியில் 9.8417 என்று வந்திருக்க வேண்டும். அப்புறம் ஆய்வகத்திலிருந்து வந்த அட்டவணையில் ஒரு நாள் மட்டும் பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி), பிஎம் 10-ஐ (10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி) விட அதிகம். நடக்கவே முடியாது, சின்னத் தூசியும் பெரிய கணக்குக்குள் அடக்கம்தானே. போன் போட்டால், "சார், அட்டவணையில காலம் (column) மாறிடுச்சு" என்றார்கள். காலம் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் கண்ணில் படுகிற தப்பு. படாத தப்பு என்னுடையது.

நிலப்பயன்பாட்டுக்கு சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தை எடுத்தேன். இலவசம், ஒரு பிக்சல் 10 மீட்டர். மேகம் இல்லை என்று ஏப்ரல் மாதப் படமாகப் பார்த்து எடுத்து, வகை பிரித்து, விழுக்காடு போட்டேன். சரிபார்க்க ஊருக்குப் போனேன். 'புதர்க்காடு' என்று போன் காட்டிய இடத்தில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. சரி, டிக் அடித்துவிடலாம் என்றிருந்தேன். தண்ணி எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பக்கத்தில் கண்மாய் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"என்ன தம்பி, கண்மாய்க்குள்ள நின்னுக்கிட்டே கண்மாயத் தேடுறீக?"

திரும்பிப் பார்த்தால் கரை, மடை, கொஞ்சம் தள்ளி, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு. நான் நின்றது தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாயில்.

வந்ததும் ஜனவரிப் படத்தை இறக்கினேன். மழைக்குப் பிறகும் கரையோரம் மட்டும்தான் தண்ணீர் தெரிந்தது. மீதியைக் கருவேலத் தழை மூடிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது வருவாய்த்துறையின் பழைய கிராம வரைபடம். ஸ்கேன் செய்து, எல்லைக்கல், கோயில், ரோடு பிரிகிற இடம் என்று புள்ளி வைத்து செயற்கைக்கோள் படத்தின் மேல் உட்கார வைக்க ஒன்றரை நாள் ஆனது. பதிவேட்டிலும் அந்தப் புல எண் கண்மாய் என்றுதான் இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் குவாரி எல்லையின் ஓரத்தை உரசிக்கொண்டு வருகிறது.

நிலப்பயன்பாடு, வடிகால் வரைபடம், விழுக்காடு எல்லாம் மறுபடி போட்டேன். குறிவிளக்கத்தில் 'கருவேலம் மண்டிய கண்மாய்' என்று ஒரு வகையைச் சேர்த்தேன். "இப்படி ஒரு வகையே கிடையாதேப்பா" என்றார் மேலாளர். ஊரில் இருக்கு சார் என்றேன். அப்படியே விட்டுவிட்டார்.