வெயிலும் பாரோமீட்டரும்

போனில் காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எனக்கு வானிலை ரமணன் என்று பெயர். காசிமேட்டில் கடலைப் பார்த்த மொட்டை மாடி வேறு இருக்கிறதா, கேட்கவே வேண்டாம்.

அக்கா பையன் மடக்கினான். “மாமா, சூடு ஏறினா அழுத்தம் இறங்கும்னு புக்ல இருக்கு. ஏசி ரூம்லயும் வெளி வராண்டாலயும் ஒரே நம்பர் காட்டுது?”

நல்ல கேள்வி. பாரோமீட்டர் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் சூட்டைப் பார்ப்பதில்லை. தலைக்கு மேலே வான்முட்ட நிற்கும் மொத்தக் காற்றின் எடையைத்தான் சொல்கிறது. கதவிடுக்கு வழியே அறைக்கும் வெளிக்கும் அழுத்தம் சமமாகிவிடும். மாடி ஏறினால் மட்டும் குறையும், சுமார் 8 மீட்டருக்கு 1 மில்லிபார் (அழுத்தத்தை அளக்கும் அலகு).

வெயில் என்ன செய்கிறது? தரைமேல் காற்று சூடாகி மேலே உப்புகிறது. உப்பினால் மட்டும் எடை குறையாது. உயரத்தில் அந்தக் காற்று கடல் பக்கம் வழிந்தால்தான் கீழே எண் இறங்கும். இறங்கியதும் கடற்காற்று உள்ளே வரும். மே மாதம் மேற்கிலிருந்து வீசும் காற்று அதை மறித்து நின்றால் ராயபுரமே வெந்துபோகும். மாதக்கணக்கில் பார்த்தால் புத்தகம் சொல்வது சரிதான்: ஜனவரியில் 1014 மில்லிபாரை ஒட்டி இருப்பது மே மாதத்தில் 1005 பக்கம் வந்துவிடுகிறது.

நாள்கணக்கில்தான் குழப்பம். வெயில் ஒரு தடவை ஏறி இறங்குகிறது, அழுத்தமோ இரண்டு தடவை. காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சம். மாலை நாலு, விடிகாலை நாலு வாக்கில் பள்ளம். கடல் ஓதம் மாதிரியேதான். அங்கே நிலா இழுக்கிறது. இங்கே ஓசோனும் நீராவியும் வெயிலை உறிஞ்ச, வளிமண்டலம் முழுக்க அசைகிறது. நம் ஊர்ப் பக்கம் இந்த ஏற்ற இறக்கம் மூன்று மில்லிபார் வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது போர்வைக்குள் நடுங்கினோம், அழுத்தமோ சரிந்தது. சூடு இல்லாமல் இல்லை. நீராவி மழையாகும்போது விடும் வெப்பம் பல கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் மூன்றரைக்கு யாராவது போனை நீட்டி, “அண்ணே, இறங்குதே, புயலா?” என்பார்கள். நேற்று இதே நேரம் எவ்வளவு என்று பாருங்கள் என்பேன். இரவு பத்துக்குள் ஏறாவிட்டால் துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் புயல் கூண்டு என்று விசாரியுங்கள்.