சாப்பாட்டு நேரத்து மணி

எங்கள் கடைக்குக் கதவு கிடையாது. வீட்டுத் திண்ணையை ஒட்டி நான்கு கல்தூண், மேலே ஓடு, நடுவில் ஒரு பலகை மேசை, ஒரு தராசு. தூணில் ஒரு மாட்டு மணி தொங்கும். மாமா உயிரோடு இருந்தபோது வளர்த்த பசுவின் கழுத்தில் கிடந்த மணி அது. வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் கயிற்றை இழுத்தால் சமையலறை வரைக்கும் கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்ப்போம். யார் இன்னும் சோற்றில் கை வைக்கவில்லையோ அவர்தான் எழுந்து போக வேண்டும். இது அத்தை போட்ட சட்டம்.

குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் தோட்டம். இரண்டு ஏக்கர், எழுபது மாமரம். குண்டு, மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா, ஊறுகாய்க்கென்று நாலு கிளிமூக்கு. கிணற்றோரம் ஒரே ஒரு நடுசாலை. சேலத்தில் நடுசாலை என்று ஒரு மாம்பழம் உண்டு என்பதே இப்போது நிறைய பேருக்குத் தெரியவில்லை. அந்த மரத்துப் பழம் விற்பனைக்கு இல்லை, வீட்டுக்கு.

2016 வரைக்கும் நாங்களும் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடுவோம். தை மாதத்தில் பூவைப் பார்த்து வியாபாரி விலை பேசுவார். பணம் கைமாறியதும் அந்தப் பருவத்துக்கு மரம் அவருடையது. மருந்தடிப்பு, காவல், பறிப்பு எல்லாம் அவர் பாடு. நமக்கு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தோம். ஆனால் குத்தகைக்காரருக்கு முதல் சந்தை விலை முக்கியம். அந்த வருடம் ஏப்ரல் முதல் வாரத்திலேயே, முற்றாத காயையெல்லாம் இறக்கி லாரியில் ஏற்றிவிட்டார். பேச்சுப்படி அவர் செய்தது தப்பில்லை. ஆனால் அப்போது நாலு வயதாயிருந்த என் மகன் மாம்பழம் கேட்டபோது, எழுபது மரம் வைத்திருக்கிற வீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் சேலம் கடைவீதிக்குப் போய் இரண்டு கிலோ வாங்கி வந்தார். அத்தை அந்தப் பழத்தைத் தொடவில்லை. அடுத்த தையில் வியாபாரி வந்தபோது, "இந்த வருசம் நாங்களே பாத்துக்கறோங்க" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடை அப்படித்தான் வந்தது.

பழுக்க வைப்பது முழுக்க அத்தையின் கையில். முன்பு நெல் கொட்டி வைத்திருந்த அறைதான் இப்போது பழ அறை. காலையில் வெயில் ஏறுவதற்குள் தொரட்டியில் வலை கட்டிப் பறிப்போம். ஒரு விரற்கடை காம்போடுதான் பறிக்க வேண்டும். காம்பு ஒடிந்தால் பால் வழிந்து தோல் வெந்துபோகும், அந்த இடம் கறுத்துவிடும். முற்றியதா என்று சந்தேகம் வந்தால் அண்டாத் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். முற்றிய காய் மூழ்கும், இளசு மிதக்கும். அப்புறம் தரையில் வைக்கோல், அதன்மேல் காம்பு கீழே பார்த்தபடி காய், மறுபடி வைக்கோல். மூன்று அடுக்குக்கு மேல் போனால் அடிப்பழம் நசுங்கிவிடும்.

காலை ஐந்து மணிக்கு அத்தை அந்த அறையைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன். விளக்கு போட மாட்டார். கதவைத் திறந்ததும் ஒரு நிமிடம் அப்படியே நின்று மூச்சை இழுப்பார். "குண்டு தயார். மல்கோவாக்கு இன்னும் ரெண்டு நாள்" என்பார். அதற்குப் பிறகுதான் விளக்கு. வைக்கோலை விலக்கி, காம்பைச் சுற்றியிருக்கிற தோள்பட்டையில் கட்டைவிரலை மெதுவாக வைப்பார். வயிற்றுப் பக்கம் அழுத்தவே மாட்டார், அழுத்திய இடம் மறுநாள் கன்றிவிடும். எட்டு வருடமாகப் பார்க்கிறேன், மூக்கு சொன்னதை விரல் மாற்றிச் சொன்னது மிகவும் குறைவு. எனக்கு இன்னும் விளக்கு வேண்டியிருக்கிறது.

கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "கல்லு வெச்சதா?" என்பதுதான். கேட்பது நியாயம். கார்பைடு கல் ஈரம் பட்டதும் அசிட்டிலின் வாயுவை விடும். தோல் ஒரே நாளில் மஞ்சளாகும், உள்ளே கொட்டையை ஒட்டிப் புளிப்பு அப்படியே இருக்கும். அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும், அதனால்தான் பழத்துக்கு வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எத்திலீன் வாயுவை அளவாக விட்டுப் பழுக்க வைக்க அனுமதி உண்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அளவுக்கு வைக்கோலே போதும். கேட்டவர்களை அறைக்குள்ளேயே கூட்டிப் போய்க் காட்டிவிடுவேன்.

இதில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் மே மாதத்தில் தொடர்ந்து ஐந்து நாள் மழை. வீட்டுக்காரர் ஊரில் இல்லை, கடையில் கூட்டம். வெளியே மூடி வைத்திருந்த வைக்கோலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அள்ளி வந்து பரப்பிவிட்டேன். அடியில் ஈரம் இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் அத்தை கதவைத் திறந்தவர் ஒன்றுமே சொல்லாமல் விளக்கைப் போட்டார். காம்படியில் கறுப்பு வளையம், தொட்டால் விரல் உள்ளே போகிறது. எண்பது கிலோ எருக்குழிக்குப் போனது. முந்தின நாள் தர்மபுரிக்குக் கொண்டுபோன ஒரு குடும்பத்துக்கு நானே போன் செய்து சொன்னேன். அடுத்த வாரம் வேறு பெட்டி அனுப்பினோம். அத்தை என்னைத் திட்டவில்லை. அன்று மதியம் எனக்கு முதலில் சோறு போட்டார், "பசியில வேல செஞ்சா கை பாக்காது கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

ஏற்காட்டில் கோடை விழா நடக்கிற மே மாதக் கடைசியில், அடிவாரம் வழியாக ஏறுகிற வண்டிகளை இறங்கும்போது குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறி, படகு சவாரி முடித்து, களைத்து இறங்குகிற அத்தனை குடும்பமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். இமாம் பசந்தும் அந்த நேரத்தில்தான் வரும். வருடத்து வருமானத்தில் பாதி அந்தச் சில நாட்களில். அந்த நாட்களில் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. தட்டின்மேல் தட்டு மூடி, அடுப்படித் திண்டில் வரிசையாக ஐந்து. சிலது சாயங்காலம் வரை அப்படியே இருக்கும்.

2024 மே 6, பிளஸ் டூ ரிசல்ட் காலை ஒன்பதரைக்கு. மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு செந்தூரா எடை போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அவள் மதிப்பெண்ணை முதலில் பார்த்தவர் யாரோ ஆத்தூர்க்காரம்மா. அவர்தான் "பாப்பா பாஸுங்க, 531" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நான் ஓடி வந்தபோது அவள் அழுதுகொண்டே பழத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தம்மா மேல் எனக்கு இன்றைக்கும் நன்றி உண்டு. ஆனால் அந்தச் செய்தியை நான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை அன்று ராத்திரி தூங்கவிடவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாளே அவர் ஒரு பழைய துண்டைக் கிழித்து மணியின் நாக்கில் சுற்றிக் கட்டினார். மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டேகால் வரை கட்டு, அப்புறம் அவிழ்த்துவிடுவது. மகன் அட்டையில் எழுதித் தூணில் மாட்டினான்: "சாப்பிடுகிறோம். 2.15க்கு வருவோம். பழத்தைப் பாருங்கள், அழுத்தாதீர்கள்." எத்தனை வண்டி நிற்காமல் போயிருக்கும் என்று நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை. நின்றவர்கள் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு வயதான தம்பதி காத்திருந்தார்கள். ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து குழம்புச் சோறு முடிந்திருந்தது. அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவங்களையும் உள்ள கூப்புடு கண்ணு. ரசம் இருக்குது."