கழுத்து திரும்பாத பேட்மேன்: முகமூடி செய்து பார்த்த குறிப்புகள்

திரையில் வந்த பேட்மேன்களில் யார் அசல் என்ற சண்டை எங்கள் குடும்பத்தில் ஓய்வதே இல்லை. அக்கா மகனுக்கு 2022இல் வந்த ராபர்ட் பாட்டின்சன்தான் பேட்மேன், மற்றவர்கள் எல்லாம் வேடம் போட்டவர்கள். எனக்கு 1989இன் மைக்கேல் கீட்டன். அத்தானுக்கு 1960களின் தொலைக்காட்சித் தொடரில் வந்த ஆடம் வெஸ்ட். பெயர் ஒன்று, நெஞ்சில் இருக்கும் வௌவால் ஒன்று, தாய் தகப்பனைப் பறிகொடுத்த கதையும் ஒன்று. ஆனால் ஒருவர் நடனமாடுகிறார், ஒருவர் ஆளைக் கொன்றுவிட்டு அலட்டிக்கொள்ளாமல் போகிறார், இன்னொருவர் கொல்லவே மாட்டேன் என்று படம் முழுக்கப் புழுங்குகிறார். பேசிப் பேசி அலுத்துவிட்டது. சரி, ஒவ்வொருவர் முகமூடியையும் ஃபோமில் செய்து பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட்டின் பின்பக்க பால்கனிதான் பட்டறை.

முதலில் அச்சு எடுத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும். தலை அக்கா மகனுடையது. மீந்த சாப்பாட்டைச் சுற்றிவைக்கும் பிளாஸ்டிக் தாளைத் தலையில் சுற்றி (மூக்கும் வாயும் திறந்தே இருக்க வேண்டும், இதில் விளையாட்டு கூடாது), அதன் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினேன். டேப்பின் மேலேயே முகமூடியின் கோடுகளைப் பேனாவால் வரைந்தேன். புருவம் எங்கே, கன்னத்து விளிம்பு எங்கே, காது எங்கிருந்து கிளம்புகிறது, எல்லாம். பிறகு பின்னந்தலையில் கத்தரித்துக் கழற்றி, வரைந்த கோட்டிலேயே வெட்டினால் துண்டுகள் தட்டையாகப் படுக்கும். அவற்றை ஈவிஏ ஃபோமின் மேல் வைத்து வரைந்து வெட்ட வேண்டும். குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கிறோமே, அந்தப் புதிர்ப் பாய், அதே சரக்குதான். கட்டர் கத்தியின் முனை சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கினால் ஃபோம் வெட்டுப்படாது, பிய்யும். அலகை ஒடித்து ஒடித்துப் புதுமுனையில்தான் வேலை செய்ய வேண்டும்.

ஒட்டுவதற்குச் செருப்புத் தைப்பவர்கள் போடும் மஞ்சள் பசை. இரண்டு விளிம்பிலும் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, அதற்கப்புறம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான், நகர்த்த முடியாது. கோலாலம்பூரில் பிற்பகல் மழைக்குப் பிறகு இந்த வேலையைத் தொடாதீர்கள். காற்றில் ஈரம் ஏறியிருந்தால் பசையின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும், பிடிமானம் போய்விடும். காலை வெயில் ஏறியபின் உட்கார்ந்தால் நல்லது. பசை வாடை தலையைச் சுற்ற வைக்கும் என்பதால் கதவையும் சன்னலையும் திறந்து வைத்துக் காற்றாடியையும் போட்டுவிடுங்கள்.

ஆரம்பித்தது ஆடம் வெஸ்டில். காரணம் லேசு, துணிவேலைதான் அதிகம். மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் நீலச் சாட்டின் வாங்கி, தீபாவளிக்கு எங்கள் வீட்டு ரவிக்கைகளைத் தைக்கும் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னா தம்பி இது, புருவத்த மேலயே வரைஞ்சிருக்காங்க?”

“ஆமாக்கா, அப்படித்தான் இருக்கணும்.”

“பாவம், மனுசன் ஆச்சரியப்பட்ட மாதிரியே இருக்காரே.”

ஒரு வாக்கியத்தில் அந்தத் தொடரையே சொல்லிவிட்டார். 1966 முதல் 1968 வரை, 120 அத்தியாயங்கள். அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் தலை நாலாபக்கமும் திரும்புகிறது, தோள் குலுங்குகிறது, இடுப்பு வளைகிறது. முதல் அத்தியாயத்திலேயே வெஸ்ட் விடுதிக்குள் போய் இரண்டு விரலைக் கண்முன் இழுத்து ஆடுவாரே, பேட்டூசி என்று பெயர்கூட வைத்தார்கள், அந்த ஆட்டம் துணி உடுப்பு இருந்ததால்தான் நடந்தது. கீட்டனின் உடுப்பில் அந்த ஆட்டத்தை ஆடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கீட்டன் முகமூடிக்கு வந்ததும்தான் இந்தப் பொழுதுபோக்கு வேறு ரகம் ஆனது.

1989 படத்துக்கு உடை வடிவமைத்தவர் பாப் ரிங்வுட். கீட்டன் மலைபோன்ற உடம்புக்காரர் அல்ல. அவர் அதுவரை அதிகம் அறியப்பட்டது நகைச்சுவைப் படங்களில். அவரைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்ததும் ரசிகர்கள் வார்னர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். ரிங்வுட் சாம்பல் நிற இறுக்க உடையைத் தூக்கிப்போட்டுவிட்டு, தசை வார்த்த கறுப்பு ரப்பர் கவசத்தைக் கொடுத்தார். முகமூடியும் தோளும் போர்வையும் சேர்ந்து ஒரே துண்டு. அதே அமைப்பில் நானும் கழுத்தைத் தடிமனான ஃபோமில் செய்து தோள்பட்டையோடு ஒட்டினேன். மருமகன் போட்டுப் பார்த்தான். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார். அவன் தலையைத் திருப்பவில்லை, திருப்ப முடியவில்லை. இடுப்பிலிருந்து முழு உடம்பும் ஒரு கதவு போலத் திரும்பியது.

“மாமா! நான் ஒண்ணும் நடிக்கல. தானா வருது!”

படத்தில் கீட்டன் திரும்புவது அப்படியே இதுதான். மெதுவாக, மொத்தமாக, மேல்பாதி உடம்பே ஒரு துண்டாக. அதைப் பார்த்துத்தான் இவர் மர்மமானவர், பயங்கரமானவர் என்று சின்ன வயதில் நான் நினைத்தேன். உடுப்புக்குள் காது சரியாகக் கேட்காது, மூச்சு முட்டும், அந்த இறுக்கமே பாத்திரத்துக்கு உதவியது என்று கீட்டனே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பேச்சு குறைவு, அசைவு குறைவு, நின்ற இடத்தில் நிற்பது, இதெல்லாம் கதாசிரியர் மட்டும் எழுதியதல்ல. ரப்பரும் எழுதியிருக்கிறது.

அங்கே பிடித்த நூலைத்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். திரைக்குத் திரை இந்த ஆள் மாறுவதற்குக் காமிக்ஸைச் சரியாகப் படிக்காத இயக்குநர்கள்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் கணிப்பு வேறு. பாதி மாற்றம் தையல் மேசையிலும் வார்ப்பு அச்சிலும் முடிவாகிவிடுகிறது.

இதற்கு 2008 படத்திலேயே சாட்சி இருக்கிறது. கிறிஸ்டியன் பேல் 2005இல் போட்டது பழைய பாணியிலேயே கழுத்தோடு ஒட்டிய முகமூடி. அடுத்த படத்தில் புரூஸ் வெய்ன் (முகமூடி இல்லாதபோது பேட்மேனின் பெயர்) தனக்குக் கருவிகள் செய்துதரும் லூசியஸ் ஃபாக்ஸிடம் போய், தலையைத் திருப்ப முடிகிற மாதிரி புது உடுப்பு வேண்டும் என்று கேட்கிறார். படப்பிடிப்புத் தளத்துச் சங்கடத்தை அப்படியே வசனமாக்கிவிட்டார்கள்! புது உடுப்பில் கவசம் சிறு சிறு தகடுகளாகப் பிரிகிறது, தலைப்பகுதி மோட்டார் சைக்கிள் தொப்பி போலத் தனியாக நிற்கிறது. வேகம் கூடும், ஆனால் இடைவெளிகளில் கத்தி இறங்கும் என்று ஃபாக்ஸ் எச்சரிப்பார். அதற்கேற்றபடி சண்டைகளும் மாறின, அடிபடுகிற பேட்மேனும் வந்தார். இந்த முகமூடியை நான் இரண்டு பகுதியாகச் செய்தேன்: தலை ஓடு தனி, கழுத்துக்கு மெல்லிய ஃபோம் வளையங்கள் தனி. மருமகன் இதைப் போட்டுக்கொண்டு மோட்டாரில் போகிறேன் என்றான். போக விடவில்லை.

இடையில் 1995, 1997 படங்களின் ரப்பர் உடுப்புகளில் மார்க்காம்பு வைத்திருந்தார்கள். அவற்றை நான் செய்யப் போவதில்லை. ஜார்ஜ் குளூனி அந்த இரண்டாவது படத்துக்காக இன்றுவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் என்ன புதிதாகச் சேர்க்க?

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மிகவும் படுத்திய பகுதி அதுதான். காமிக்ஸில் பேட்மேனின் கண் வெறும் வெள்ளை, கருவிழி கிடையாது. 1992இல் தொடங்கிய கார்ட்டூன் தொடரிலும் அப்படித்தான். வரைகிறவனுக்கு அது வசதி: கோபம் என்றால் வெள்ளையைச் சுருக்கலாம், திகைப்பு என்றால் விரிக்கலாம். படத்தில் காசு கொடுத்து நடிகரைக் கூட்டிவந்துவிட்டுக் கண்ணை மூட யாருக்கு மனம் வரும்? அதனால் துளை விட்டு, துளைக்கும் கண்ணுக்கும் இடையே தெரியும் தோலில் கறுப்பு மை பூசிவிடுகிறார்கள். 1992 படத்தின் கடைசியில் கீட்டன், பூனை வேடம் போட்ட கேட்வுமன் முன்னால் முகமூடியைக் கிழித்து எறிவார். கிழிக்கும் முன் இருந்த மை, கிழித்த பிறகு மாயமாக மறைந்திருக்கும். அந்த மையை ஒப்புக்கொள்ளவே ஒரு பேட்மேனுக்கு 2022 வரை ஆனது. பாட்டின்சன் முகமூடியைக் கழற்றும்போது கண்ணைச் சுற்றி மை வழிந்து கிடக்கும். அந்தப் படத்தின் புரூஸ் வெய்ன் தூங்காத, குளிக்காத, உலகத்தோடு ஒட்டாத பையன். அந்த அழுக்கு மையிலேயே பாதிப் பாத்திரம் வந்துவிடுகிறது. மருமகன் கண்ணில் அக்காவின் கண்மையைப் பூசினோம். கழுவப் பட்ட பாடு பெரும்பாடு, அக்காவிடம் வாங்கிய திட்டு தனி.

ஆனால் என் கணக்குக்கு அடங்காத ஒருவர் உண்டு: பென் அஃப்லெக். 2016 படத்தில் அவர் உடுப்பு பார்வைக்குத் துணி போல, சாம்பல் நிறம், குட்டைக் காது, காளைக் கழுத்து. காமிக்ஸ் ஓவியர் பிராங்க் மில்லர் 1986இல் வரைந்த கிழட்டு பேட்மேனின் சாயல். தலை நன்றாகவே திரும்புகிறது. என் வாதப்படி இவர் வெஸ்ட் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். குற்றவாளிகளுக்குச் சூடு வைக்கிறார், வண்டியோடு ஆளை நசுக்குகிறார், எல்லாரிலும் இருண்டவர் இவர்தான். ஆக, கொல்வதா வேண்டாமா என்பதை முகமூடி முடிவு செய்வதில்லை, அது எழுதுகிறவர் கையில். அந்த அளவுக்கு என் வாதத்தைச் சுருக்கிக்கொள்கிறேன். அவர் முகமூடியில் எனக்குப் பிடித்தது நெற்றிச் சுருக்கம். ஃபோமில் கத்தியால் மேலாகக் கீறி ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் கீறல் தானாக வாய் திறக்கும், வயதான நெற்றி வந்துவிடும். இந்தப் பொழுதுபோக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அது.

கொலை விஷயத்தில் அசல் காமிக்ஸைச் சாட்சிக்கு இழுப்பவர்களுக்கு ஒன்று. 1939 மே மாத இதழில், முதல் கதையிலேயே, பேட்மேன் விட்ட குத்தில் ஒருவன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். இவர் வருத்தப்படுவதில்லை. கொல்லாமை விரதம் பின்னால் வந்தது. காமிக்ஸ்காரர்களும் திரையைப் பார்த்து மாற்றிக்கொண்டவர்கள்தான். 1943இல் 15 பகுதிகளாக வந்த முதல் திரைத்தொடரில் பேட்மேன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட்டாக வந்த வில்லியம் ஆஸ்டின் ஒல்லியாக, மெல்லிய மீசையோடு இருந்தார். அதுவரை காமிக்ஸில் ஆல்ஃபிரட் குண்டான, மீசையில்லாத ஆள். 1944 தொடக்கத்தில் அவரை இளைக்கவைத்து மீசையும் வைத்துவிட்டார்கள். எது அசல், எது நகல் என்று இனி எப்படிப் பிரிப்பது?

அந்த 1943 தொடரைப் பார்ப்பது எனக்கு லேசாக இல்லை. அதில் பேட்மேன் அமெரிக்க அரசின் ரகசிய ஏஜெண்ட், வில்லன் டாக்டர் டாக்கா என்ற ஜப்பானியர், வசனங்களில் இனத் துவேஷம் கொட்டிக் கிடக்கிறது. அதே ஆண்டு இங்கே கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் இருந்தது, தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு வாரிக்கொண்டு போனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். அந்தப் போரை ஹாலிவுட் ஓரங்க நாடகம் மாதிரி ஆடியிருப்பதைப் பார்க்கச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் முழுசாக வரவில்லை. முகமூடி என்று பார்த்தால் தொளதொளத் துணி, கொம்பு மாதிரி விரிந்த காது. தையல் அக்கா படத்தைப் பார்த்துவிட்டு, இதை அரை நாளில் முடித்துவிடலாம் என்கிறார். இன்னும் துணி வாங்கவில்லை.

இப்போது மேசையில் இருப்பது பாட்டின்சன். மருமகன் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான், செய்கிறவனுக்கு இதைவிட இரக்கமான முகமூடி இல்லை. கையால் வெட்டித் தைத்த தோல் போன்ற தோற்றம், தையல் வெளியே தெரியும். குற்றத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கி இரண்டே ஆண்டான ஆள், பட்டறையில் தானே செய்துகொண்டது போல இருக்க வேண்டும். மற்ற முகமூடிகளில் துண்டுகள் சேரும் கோட்டை மறைக்கத்தான் பாதி உழைப்பு போகும், இதில் அந்தக் கோட்டையே காட்டலாம். மூக்குத் தண்டும் கன்னமும் ஒட்டியாகிவிட்டது. மேலே பதனிட்ட தோலின் கறுப்பு வர, அக்ரிலிக் கறுப்போடு கொஞ்சம் பழுப்பைக் கலந்து பஞ்சால் ஒற்றிப் பார்த்தேன், பரவாயில்லை. மடங்கும் இடத்தில் சாயம் வெடிக்காமல் இருக்க, சாயத்துக்கு முன் வெள்ளை மரப்பசையைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்திருக்கிறேன். இன்னும் கழுத்துப் பட்டையும் இடது காதும் பாக்கி.

டிசம்பரில் கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் நடக்கும் காமிக் ஃபியெஸ்டா என்ற காமிக்ஸ் விழாவுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது என்று மருமகன் இப்போதே கேட்கிறான். பாட்டின்சன் முடிந்துவிட்டால் அதுதான். முடியாவிட்டால் கீட்டன், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நடப்பதற்கு, யார் இடிக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் கூடவே போக வேண்டும். அத்தான் வருகிறேன் என்கிறார், வெஸ்ட் முகமூடியோடு.