பால் கொடுக்கும்போதே வந்த மாதவிலக்கு

“பால் கொடுக்கிற வரைக்கும் அந்தத் தொல்லை இல்லை” என்று அம்மா வீட்டில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அம்மாவுக்கு ஒரு வருடத்துக்கு மேல் வரவே இல்லையாம். எனக்கு ஐந்தாம் மாதமே வந்துவிட்டது.

பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு முதலில் சிவப்பு, பிறகு பழுப்பு, கடைசியில் வெளிறிய மஞ்சள் என்று ஒன்றரை மாதத்தில் வடிந்து நின்றிருந்தது. அதனால் மறுபடி சிவப்பைப் பார்த்ததும் கர்ப்பப்பையில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோனேன். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: “இரவில் பால் குடிக்கிறானா?” சில வாரங்களாக அவன் விடியும்வரை தூங்கிக்கொண்டிருந்தான். குழந்தை அடிக்கடி சப்பிக் குடிக்கும்வரைதான் சினைப்பை ஓய்வில் இருக்குமாம். இடைவெளி நீண்டால், அதிலும் இரவில் நீண்டால், அது வேலையைத் தொடங்கிவிடும். அம்மா சொன்னது பொய்யில்லை. நான் விடிய விடியப் பால் குடித்த பிள்ளை, அவ்வளவுதான்.

பிரசவத்துக்கு முன்பு இருந்ததைவிடப் போக்கு அதிகம். முதல் சில சுழற்சிகள் இப்படிக் கூடவோ குறையவோ, நாள் தள்ளியோ வரலாம் என்றார். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் வரச் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4, 12 இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினமும் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரை அலமாரியில் பத்திரமாக இருந்தது. மலச்சிக்கல் என்று ஒதுக்கியிருந்தேன். காபியோடு விழுங்காமல், எலுமிச்சைச் சாறு குடித்து, இடையில் நிறையத் தண்ணீர் சேர்த்ததும் வயிறு ஒத்துக்கொண்டது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்ற பத்தியத்தை அன்றோடு கைவிட்டேன். பூண்டுக் குழம்பையும் சுறாப் புட்டையும் மட்டும் விடவில்லை.

மாமியாரின் கவலை பாலைப் பற்றியது: தீட்டுப் பால் குழந்தைக்கு ஆகாது. சமையலறைக்குள் விடாதவர், குழந்தையைத் தூக்க மட்டும் அனுமதித்தார். பசித்து அழுதால் வேறு யாரால் என்ன செய்ய முடியும்? கிராம சுகாதார செவிலியர் வந்து, பாலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை, தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் அவர் சமாதானமானார். முதல் இரண்டு மூன்று நாள் பால் சற்றுக் குறைந்தது உண்மை. அவனும் சிணுங்கினான். அடிக்கடி மார்பில் போட்டதில் தானாகச் சரியானது. சமையலறைத் தடையை நான் எதிர்க்கவில்லை. மூன்று நாள் சும்மா உட்காரக் கிடைத்ததே!

இதில் யாரும் வாய் திறக்காத ஒன்று உண்டு. முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். அதாவது மாதவிலக்கே வராமல் மீண்டும் கர்ப்பமாகலாம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால்தான் தாய்ப்பாலை நம்பலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இதைப் பிரசவ வார்டிலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் குழந்தையின் எடையைத்தான் கேட்டார்கள்.

கருத்தடைக்குக் கர்ப்பப்பையில் வைக்கும் காப்பர்-டி போடலாமா என்று கேட்டேன். போக்கை இன்னும் கூட்டலாம், ரத்தம் ஏறட்டும் என்று மருத்துவர் தள்ளிவைத்தார். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆறு மாதத்துக்குள் பால் கொடுப்பவர்களுக்கு ஏற்றதல்ல. கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘சாயா’ கருத்தடை மாத்திரையில் வந்து நின்றோம். ஹார்மோன் இல்லாதது, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. கிழமையை நினைவில் வைப்பது கணவரின் பொறுப்பு. இந்த மாத்திரையால் மாதவிலக்கு தள்ளிப்போவது உண்டு. பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் மட்டும் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.